பேனாக்கத்திக் கிறுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒஹாயோவில் இந்த வீட்டுக்கு மாறி வந்த அன்று, அட்டைப்பெட்டியின் டேப்பைச் சாவியால் குத்திக் கிழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மஞ்சள் பிடி போட்ட மடக்குக் கத்தி ஒன்றை நீட்டினார். வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கப் போனால், "வைத்துக்கொள், என்னிடம் இன்னும் இருநூறு இருக்கிறது" என்றார். அன்றைக்குத் தொற்றியது.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஏழெட்டுப் பேர் என் கராஜில் கூடுகிறோம். பாதி நம்மவர்கள், பாதி உள்ளூர்க்காரர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பேனாக்கத்தியைப் போய் யாராவது சேர்ப்பார்களா?

சேர்க்கிறார்கள். அமெரிக்கக் கிராமப்புறத்தில் வெகுகாலம் காலையில் கால்சட்டை மாட்டும்போதே கத்தியும் பாக்கெட்டுக்குள் போய்விடும். ஆப்பிள் நறுக்க, வைக்கோல் கட்டின் கயிறு அறுக்க, கையில் ஏறிய சிராய் எடுக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். தாத்தா போன பிறகு அவர் கத்தி பேரனுக்கு வரும். அப்படி வந்த ஒன்றை வைத்துக்கொண்டு "இது எந்த வருடத்தது?" என்று ஆரம்பித்தவர்கள்தான் பாதிச் சேகரிப்பாளர்கள்.

இதில் ஒரு வசதி உண்டு. ஸ்டாம்பை விரலால் தொடக்கூடாது. கத்தியைத் தொட்டு, திறந்து, மூடி, அடுத்தவர் கையில் கொடுத்துத்தான் ரசிக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து செய்தால் பாதிச் சுவைதான்.

பாரம்பரியக் கத்தி என்று எதைச் சொல்கிறீர்கள்? என்னிடம் சிவப்பு ஸ்விஸ் கத்தி இருக்கிறது, அது சேருமா?

நாங்கள் சேர்ப்பது ஸ்லிப்ஜாயின்ட் வகை. பூட்டு கிடையாது. பிடியின் முதுகில் எஃகு ஸ்பிரிங் ஒன்று, அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்தால் 'டக்' என்று நிற்கும், மூடினால் மறுபடி 'டக்'. அந்தச் சத்தத்தையும் இழுவையையும் சேர்த்து இங்கே 'வாக் அண்ட் டாக்' என்பார்கள். கத்தி நன்றாக நடக்க வேண்டும், நன்றாகப் பேச வேண்டும். எஃகு, பித்தளை, எலும்பு, மரம், இவ்வளவுதான் உடம்பு.

ஸ்விஸ் கத்தியின் உள்விஷயமும் இதேதான். ஆனால் அது வேறு குடும்பம், அதற்குத் தனிக் கூட்டம் இருக்கிறது. பக் கம்பெனியின் 110, 1964இல் வந்தது, பூட்டுப் போட்டது. அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்களுக்குள் இன்னும் தீரவில்லை. என்னைக் கேட்டால் அது அருமையான கத்தி, ஆனால் இந்த மேசைக்கு உரியதில்லை.

இது முழுக்க அமெரிக்கச் சரக்கா?

வேர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் பாக்கெட்டில் வைத்திருந்தது ஷெஃபீல்டு கத்திதான். பார்லோ என்ற வடிவமே அங்கிருந்து வந்த பெயர். ஷெஃபீல்டு தொழிலாளிகள் கப்பலேறி வந்து கனெக்டிகட்டிலும் நியூயார்க் மாநிலத்திலும் பட்டறை போட்டார்கள். 1890இல் மெக்கின்லி தீர்வை வந்து இறக்குமதிக் கத்தியின் விலையை ஏற்றியதும் உள்ளூர்ப் பட்டறைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. அதற்கு அடுத்த ஐம்பது வருடத்தில் செய்தவைதான் இன்றைக்கு ஆட்கள் தேடி அலைகிற பழைய கத்திகள்.

ஒரு கத்திக்கு எதற்கு மூன்று அலகு? ஒன்று மொக்கையானால் இன்னொன்றா?

அப்படியும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு வடிவத்துக்கும் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது, இந்தப் பொழுதுபோக்கின் ருசியே அதில்தான். ஸ்டாக்மேன் என்ற மூன்றலகுக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே மாட்டுக்காரர் கத்தி. நீண்ட கூர்முனை அலகு பொது வேலைக்கு. நேர் விளிம்பும் மழுங்கிய நுனியும் கொண்டது ஷீப்ஸ்ஃபுட், குளம்பு சீவ, கயிறு அறுக்க. மூன்றாவது ஸ்பே, மூக்கு வளைந்து குத்தாத மாதிரி இருக்கும். அது கன்றுக்குக் காயடிக்க. எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் ஆறு மாதமாக அந்த அலகால்தான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்த பிறகு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

டிராப்பர் என்பது பொறிவைத்துப் பிடிக்கும் வேட்டைக்காரர்களுக்கானது. இரண்டு நீள அலகு, அதில் ஒன்று நீட்டி விட்ட ஸ்பே. நுனி குத்தாததால் தோலில் ஓட்டை விழாமல் உரிக்கலாம். டாக்டர் கத்தி என்று ஒன்று உண்டு, பிடியின் ஒரு முனை தட்டையாக இருக்கும், அதால் மாத்திரையைப் பொடிக்கலாம். தோணி மாதிரி இருப்பது கனூ. கைக்குள் மறைந்துவிடும் அளவுக்குச் சின்னது பீனட். வேர்க்கடலைதான், பெயர்ப் பொருத்தம் பிரமாதம்.

முதல் கத்தி எது வாங்கலாம்? எவ்வளவு ஆகும்?

பழசில் ஆரம்பிக்காதீர்கள். எது சரி, எது கோளாறு என்று கைக்குத் தெரியும் முன்னால் ஏலத்தில் இறங்கினால் கையைச் சுட்டுக்கொள்வீர்கள். பென்சில்வேனியாவில் பிராட்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் கேஸ் கம்பெனி இன்னமும் கத்தி செய்கிறது. அவர்களுடைய மஞ்சள் பிடி போட்ட கார்பன் எஃகுக் கத்தி ஒன்று, பீனட்டோ ஸ்டாக்மேனோ, நூறு டாலருக்குள் புதிதாகவே கிடைக்கும். அதுவும் அதிகம் என்றால் ரஃப் ரைடர் என்ற பெயரில் சீனாவில் செய்தவை இருக்கின்றன. விலையில் நாலில் ஒரு பங்கு, வேலைப்பாடு அந்த விலைக்கு ஆச்சரியம். எந்த வடிவம் உங்கள் கைக்குப் பிடிக்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும்.

அப்புறம், அதே பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற கம்பெனி. 2006இல்தான் தொடங்கினார்கள், ஆனால் நூறு வருடம் முந்தைய முறையில் செய்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும், வந்த வேகத்தில் தீரும். முதல் கத்தியாக வேண்டாம். அதை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டால் மற்றது எதுவும் பிடிக்காமல் போகும் ஆபத்து இருக்கிறது.

கேஸ் கத்தியில் புள்ளி எண்ணுகிறீர்களே, அது என்ன ஜோசியமா?

கிட்டத்தட்ட. அலகைத் திறந்தால், அது பிடியைச் சேரும் இடத்தில் கம்பெனி முத்திரை இருக்கும். அதுதான் கத்தியின் ஜாதகம். கேஸில் 1920லிருந்து 1940 வரை 'கேஸ் டெஸ்டெட் எக்ஸ் எக்ஸ்'. 1940லிருந்து 1964 வரை 'கேஸ் எக்ஸ் எக்ஸ்' மட்டும். 1965லிருந்து 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1970இல் முத்திரைக்கு அடியில் பத்துப் புள்ளி வைத்தார்கள், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு புள்ளி குறைந்தது. ஏழு புள்ளி இருந்தால் 1973. ஒரே ஒரு புள்ளி என்றால் 1979. 1980இல் மறுபடி பத்து, ஆனால் கேஸ் என்பதில் வரும் 'எஸ்' எழுத்து மின்னல் வெட்டியது போலக் கூராக இருக்கும். அதை வைத்துப் பிரிக்கலாம். அந்த 'எஸ்'ஸைப் பார்க்காமல் 1980ஐ 1970 என்று நினைத்து வாங்குவது எல்லோரும் ஒருமுறை செய்கிற தப்பு. நானும் செய்தேன்.

இந்தப் புள்ளிதான் ஏராளமானவர்களைச் சேகரிப்புக்குள் இழுத்துப் போட்டது. பத்து, ஒன்பது, எட்டு என்று வரிசையைப் பார்த்தால் இடையில் விடுபட்டதை விட்டுவைக்க மனம் வராது.

பெட்டியில் 6254 என்று போட்டிருக்கிறது. மாடல் நம்பரா?

ஆமாம், ஆனால் படிக்கத் தெரிந்தால் முழு விவரமும் அதில் இருக்கிறது. கேஸில் முதல் எண் பிடியின் பொருள்: 6 எலும்பு, 5 மான்கொம்பு, 3 மஞ்சள், 2 கறுப்பு, 1 வால்நட் மரம். இரண்டாவது எண் எத்தனை அலகு. மிச்சம் வடிவத்தின் எண். ஆக 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54ஆம் வடிவம், அதாவது டிராப்பர். 3254 என்றால் அதே கத்தி, மஞ்சள் பிடி. 6318 என்ன என்று நீங்களே சொல்லுங்கள். எலும்பு, மூன்று அலகு, ஸ்டாக்மேன். பழைய கத்திகளில் 6 என்று இருந்தும் எலும்பு போலத் தோன்றும் பிளாஸ்டிக் இருப்பதுண்டு. எண்ணை மட்டும் நம்பாமல் பிடியையும் பாருங்கள்.

அண்ணா, நான் சுத்த சைவம். மாட்டெலும்புப் பிடியை எப்படிக் கையில் வைப்பது?

நியாயமான சங்கடம். எங்கள் கூட்டத்திலேயே இரண்டு பேர் எலும்பு வாங்குவதில்லை. ஒருவர் மரப்பிடி மட்டும், இன்னொருவர் டெல்ரின், மைக்கார்ட்டா மாதிரி செயற்கைப் பொருள் மட்டும். மரத்திலேயே எபனி, ரோஸ்வுட், வால்நட் என்று ஒரு பெட்டி நிறையச் சேர்க்கலாம். இதில் யாரும் குறைவாக நினைப்பதில்லை.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எலும்பு என்பது பெரும்பாலும் மாட்டின் கால் எலும்பு. அதில் வரிவரியாகச் செதுக்கினால் மான்கொம்பு மாதிரி சொரசொரப்பு வரும், பிடியும் வழுக்காது. அசல் மான்கொம்பில் மிக உயர்ந்ததாகக் கருதப்பட்டது எது தெரியுமா? நம் கடமானின் கொம்பு. மற்ற மான்களின் கொம்பில் நடுவே பஞ்சு போல இருக்கும் பகுதி அதிகம், கடமான் கொம்பு கெட்டி. உதிர்ந்த கொம்பைப் பொறுக்கி இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் இந்தியா அந்த ஏற்றுமதியை நிறுத்தியது. அதோடு இங்கே கொம்புப் பிடியின் விலை எகிறிவிட்டது. முண்டந்துறைப் பக்கம் மிளா என்று சொல்வோமே, அதே மிருகத்தின் கொம்பை பென்சில்வேனியாக் கத்தியில் முதன்முறை பார்த்தபோது ஒரு மாதிரியாக இருந்தது. ஊருக்கு எடுத்துப் போவது பற்றி யோசித்தால், கொம்புப் பிடி போட்டதை இங்கேயே விட்டுவிடுங்கள். வனவிலங்குச் சட்டத்தோடு வாதாட வேண்டாம்.

அலகு கறுத்துவிட்டது. பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்கலாமா?

வேண்டாம். வேண்டவே வேண்டாம். கார்பன் எஃகு ஆப்பிளையும் எலுமிச்சையையும் தொட்டால் நீலம், சாம்பல், கறுப்பு என்று நிறம் மாறும். நம் வீட்டு இரும்பு அரிவாள்மனையும் அப்படித்தானே கறுக்கும்? அது நோய் இல்லை, ஓரளவு காவல். சிவப்பாக, கையில் ஒட்டுகிற மாதிரி வருவதுதான் துரு. அதை மட்டும் மினரல் ஆயிலில் நனைத்த துணியால் மெதுவாகத் தேய்த்து எடுங்கள்.

முத்திரை ஜாதகம் என்று சொன்னேன் அல்லவா? இயந்திரப் பாலிஷ் போட்டால் முதலில் அழிவது அதுதான். ஆரம்பத்தில் பழைய சந்தையில் வாங்கிய ஒரு ஸ்டாக்மேனை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கண்ணாடி மாதிரி ஆக்கினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகக் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. திறந்து முத்திரை இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கு வரை அது எந்த வருடத்துக் கத்தி என்று எனக்குத் தெரியாது.

பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்திருந்தேன், தானாகத் துருப்பிடித்துவிட்டது. எப்படி?

மூன்று சந்தேகம். முதலாவது தோல் உறை. தோல் பதனிடும் ரசாயனமும் அது இழுத்துவைக்கும் ஈரமும் எஃகை அரிக்கும், பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். உறையில் போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள். இரண்டாவது கைரேகை. கூட்டத்தில் பத்துப் பேர் தொட்ட கத்தியைத் துடைக்காமல் வைத்தால் விரல் பதிந்த இடத்திலேயே துரு வரும்.

மூன்றாவதுதான் விஷமம், செல்லுலாய்டு என்ற பழைய வகைப் பிளாஸ்டிக். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் முத்து மாதிரி மின்னும் பிடிகள், வண்ணக் கோடு போட்ட பிடிகளை எல்லாம் இதில் செய்தார்கள். வயதாகும்போது அது சிதைந்து அமில ஆவி விடும். தன் அலகைத் தானே தின்னும், பக்கத்தில் இருக்கும் கத்திகளையும் சேர்த்துத் தின்னும். கூடையில் ஒரு அழுகின தக்காளி இருப்பது போல. செல்லுலாய்டு கத்தியைத் தனியாக, காற்றோட்டமாக வையுங்கள். மற்றவற்றுக்கு லேசாக எண்ணெய், பக்கத்தில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், போதும்.

பழைய பெயர் போட்ட கத்தி இவ்வளவு மலிவாக இருக்கிறதே, அதிர்ஷ்டமா?

பெயர் மட்டும் பழசாக இருக்கலாம். இம்பீரியல் ஷ்ரேட் என்ற கத்திக் கம்பெனி நியூயார்க்கின் எல்லன்வில்லில் இருந்தது, 2004இல் மூடினார்கள். கமில்லஸ் 2007இல். ஆலை போன பிறகும் பெயருக்கு விலை உண்டு. வாங்கியவர்கள் வெளிநாட்டில் செய்து அதே பெயரைக் குத்தி விற்கிறார்கள். அது ஏமாற்று இல்லை, சட்டப்படியான வியாபாரம். ஆனால் ஷ்ரேடின் 'ஓல்ட் டைமர்' என்ற பெயர் இருப்பதாலேயே தாத்தா காலத்துக் கத்தி என்று நினைத்தால் தப்பு நம்முடையது. முத்திரையில் எந்த நாடு என்று பாருங்கள்.

ரெமிங்டன் புல்லட் கத்தி என்று ஒருவர் நானூறு டாலர் கேட்கிறார். அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பாக்கிக் கம்பெனியான ரெமிங்டன், முதல் உலகப்போர் முடிந்து ஆலை சும்மா கிடந்தபோது கத்தியில் இறங்கியது. 1920இலிருந்து 1940 வரைதான் செய்தார்கள். பிடியில் தோட்டா வடிவத்தில் சின்னத் தகடு பதித்த பெரிய கத்திகளுக்குத்தான் புல்லட் என்று பெயர். 1982லிருந்து அந்தப் பழைய வடிவங்களை மறுபடி செய்து விற்றார்கள். எனவே உங்கள் முன்னால் இருப்பது அசல் பழசு, கௌரவமான மறுபதிப்பு, போலி என்ற மூன்றில் ஏதாவது ஒன்று.

போலியில் அதிகம் நடப்பது அலகு மாற்றுவது, அல்லது உடைந்த நாலு கத்தியிலிருந்து ஒன்று கட்டுவது. எல்லாப் பாகமும் ஒரே வயதா என்று பாருங்கள். பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கிறது, அலகு மட்டும் முழு அகலத்தோடு இருக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். பித்தளைத் தகட்டில் எண்பது வருட அழுக்கு, ஆனால் ஆணித்தலை மட்டும் பளிச்சென்று இருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். முத்திரையைச் சுற்றி எஃகு குழிந்திருந்தால் பழையதைத் தேய்த்துப் புதிதாகக் குத்தியிருக்கலாம். இவ்வளவும் பார்த்த பிறகும் தெளியவில்லை என்றால் வாங்காதீர்கள். விற்கிறவர் சொல்லும் தாத்தா கதைக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

இதை முதலீடு என்று வீட்டில் சொல்லலாமா?

சொல்லலாம், அவர்கள் நம்ப மாட்டார்கள். விலை நிற்பது ஆலையிலிருந்து வந்தபடி, தீட்டாமல், பாக்கெட்டில் போடாமல் இருக்கும் கத்திக்குத்தான். ஒருமுறை சாணைக்கல்லில் வைத்துவிட்டால் இறங்கிவிடும். உபயோகிக்க முடியாத கத்தியைப் பார்த்துக்கொண்டே இருப்பது எனக்குச் சரிப்படவில்லை. என்னிடம் இருப்பதில் முக்கால்வாசி தீட்டியவை.

கத்தி பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துவிடும் என்கிறார்களே?

இங்கேயும் அதே பயம் உண்டு. பரிகாரமும் உண்டு: வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு பென்னி கொடுத்துவிட வேண்டும். அப்போது அது பரிசு இல்லை, விற்பனை. பக்கத்து வீட்டுக்காரர் மஞ்சள் கத்தியைக் கொடுத்தபோது உள்ளங்கையை நீட்டிக்கொண்டே நின்றார், எனக்கு விளங்கவில்லை. அவரே தன் பாக்கெட்டிலிருந்து ஒரு பென்னி எடுத்து என் கையில் வைத்து, திரும்ப வாங்கிக்கொண்டார். 2025இல் பென்னி அச்சடிப்பதையே நிறுத்திவிட்டார்கள். கராஜில் ஒரு ஜாம் பாட்டில் நிறைய வைத்திருக்கிறேன்.

பையனுக்கு எட்டு வயது. கூட்டத்துக்கு அழைத்து வரலாமா, ஒன்று வாங்கித் தரலாமா?

அழைத்து வாருங்கள். வாங்கித் தருவதற்கு முன் கற்றுக்கொடுங்கள். சாரணர் இயக்கத்தின் சிறுவர் பிரிவான கப் ஸ்கவுட்டில் முன்பு 'விட்லிங் சிப்' என்று ஒரு அட்டை தந்தார்கள், அதை வாங்கிய பிறகுதான் அங்கே பிள்ளைகள் கத்தியைத் தொடலாம் என்று இருந்தது. மரத்துக்கு முன் சோப்புக் கட்டியைச் செதுக்க விட்டார்கள். நல்ல யோசனை, வீட்டிலும் செய்யலாம். ஸ்லிப்ஜாயின்டில் பூட்டு இல்லை என்பதை முதல் நாளே புரியவையுங்கள். நுனியால் குத்தினால் அலகு விரல் மேலேயே மடங்கும். பள்ளிப் பையில் மட்டும் எக்காரணம் கொண்டும் போகக்கூடாது. அது ஆப்பிள் நறுக்கத்தான் என்று சொன்னால் எந்தப் பள்ளியும் கேட்காது.

விமானத்தில் கொண்டு போகலாமா? பாக்கெட்டில் வைத்து நடமாடலாமா?

கைப்பையில் கூடவே கூடாது, செக்-இன் பெட்டியில் சுற்றி வைக்கலாம். 2013இல் அமெரிக்க விமானப் பாதுகாப்புத் துறையினர் சின்னக் கத்தியைக் கையோடு அனுமதிக்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். வெளியே வைத்துக்கொள்வது மாநிலத்துக்கு மாநிலம், சில இடத்தில் ஊருக்கு ஊர் மாறும். மத்திய அரசு அலுவலகங்களில் இரண்டரை அங்குலத்துக்குக் குறைந்த அலகுள்ள பாக்கெட் கத்தியைச் சட்டம் ஆயுதமாகக் கணக்கிடுவதில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலரிடம் சட்டப்பிரிவு சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், காரில் விட்டுவிட்டுப் போங்கள்.

கூட்டத்தில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? எல்லாம் கத்தி, பயமாக இருக்கிறது.

மூடித்தான் கொடுக்க வேண்டும். கேட்டுவிட்டுத் திறவுங்கள். மூடும்போது 'சடக்'கென்று விடாதீர்கள், விரலால் கொண்டுபோய்ச் சேருங்கள். அலகு உள்ளே மோதினால் கூர் மழுங்கும். விரல் பட்டால் துடைத்துவிட்டுக் கொடுங்கள், காரணம் மேலே துருக் கேள்வியில். விலையை எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். இவ்வளவுதான், மிச்சம் காபி.

இரண்டு பேர் ஒரே கத்திக்கு ஆசைப்பட்டால் சண்டை வராதா?

வந்தது. போன வருடம் இறுக்கம் குறையாத, தீட்டாத, பத்துப் புள்ளி டிராப்பர் ஒன்று ஒரு பழஞ்சரக்கு விற்பனையில் அகப்பட்டது. நானும் கூட்டத்து நண்பர் ஒருவரும் ஒரே நேரத்தில் கை வைத்தோம். பத்து நிமிடம் இரண்டு பேரும் "நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்று வாய் உபசாரம் செய்தோம், கை மட்டும் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். ஆறு மாதம் அவர் வீடு, ஆறு மாதம் என் வீடு, கைமாறும்போது ஒரு பென்னி. யாரும் தீட்டக்கூடாது என்பது ஒப்பந்தம்.

இப்போது அவர் முறை. போன சனிக்கிழமை கொண்டுவந்து காட்டினார். ஸ்பே அலகில் லேசாக ஒரு நீலம் தெரிந்தது. ஆரஞ்சா என்று கேட்டேன், ஆப்பிள் என்றார்.